கொடி வழியே ஒரு சுற்று: மாங்கன்று வளர்ப்பவரின் பர்கண்டி மதிப்பீடு

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் போன் என்னும் சிறு நகரில் தொடங்கும் இந்தச் சுற்றுப்பாதை, திராட்சைத் தோட்டங்களை ஒட்டியே தெற்கில் சான்த்தனே வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி, நோலே, லா ரோஷ்போ, சேன்-ரொமேன் ஆகிய மேட்டு ஊர்களின் வழியாக மறுபடியும் போனுக்கே வந்து சேர்கிறது. மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம். லியோன் நகரில் பணிபுரியும் மகளையும் மருமகனையும் பார்க்கச் சென்றிருந்தபோது, மார்ச் மாதக் கடைசியில் இரண்டு நாட்களை ஒதுக்கி, முதல் நாள் மிதிவண்டியிலும் மறுநாள் காரிலுமாக இதை முடித்தோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. உலகெங்கிலுமிருந்து மக்கள் எதற்காக இந்தப் பாதைக்கு வருகிறார்களோ, அந்தத் திராட்சை மதுவின் சுவையைப் பற்றி இங்கே ஒரு வரிகூட இருக்காது. கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கத்தில் இரண்டு தலைமுறையாக மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. ஆகவே நான் பார்த்ததெல்லாம் மண்ணும் வேரும் வரப்பும்தான். அப்படிப் பார்ப்பவருக்கு இந்தச் சுற்று எவ்வளவு தேறும் என்பதே என் மதிப்பீடு.

முதல் பாதி மிதிவண்டிக்கென்றே அடையாளமிடப்பட்ட தடம். போன் நகரின் பூஸேஸ் பூங்காவில் தொடங்கி, பொம்மார், வொல்னே, மெர்ஸோ, புலின்யி-மொன்ராஷே, ஷசான்ய்-மொன்ராஷே ஆகிய ஊர்களைக் கடந்து, 22 கிலோமீட்டரில் சான்த்தனேயை அடைகிறது. பெரும்பாலும் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் குறுகிய வண்டிப்பாதைதான் இது; சில இடங்களில் சிமெண்டு, சில இடங்களில் தார். திருப்பந்தோறும் வழிகாட்டிப் பலகை இருப்பதால், மொழி தெரியாத நான்கூட எங்கும் வழி தவறவில்லை. எதிரே வரும் டிராக்டர்களுக்கு மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும். அவை நம் ஊர் டிராக்டர்கள் அல்ல. செடி வரிசையைத் தம் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு நடக்கும், வீட்டுத் திண்ணை உயரத்துக்கு மேலே வயிறு தூக்கிய விசித்திர வண்டிகள். முதல் டிராக்டரைப் பார்த்தபோது வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு நெருக்கமாக நட்டிருப்பதால்தான் அப்படி ஒரு வண்டி தேவைப்படுகிறது. நாங்கள் பழைய முறையில் ஏக்கருக்கு 40 மாமரம் வைப்போம். இங்கே ஹெக்டேருக்கு ஏறக்குறைய 10,000 கொடிகள், அதாவது ஏக்கருக்கு 4,000. பந்தல் போட்டுத் தலைக்கு மேல் படரவிடும் நம் பக்கத்துத் திராட்சையைப் பார்த்துப் பழகியவருக்கு, இடுப்பளவு கம்பியில் கட்டிக் குட்டையாக நிறுத்தப்பட்ட இந்தக் கொடிகள் முதலில் ஏமாற்றமாகவே தோன்றும். பாசனமும் கிடையாது, மதுவின் பெயரைக் காக்கும் விதிமுறை அதை அனுமதிப்பதில்லை. மழை தருவதைக் கொண்டு, நெருக்கத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்டு வேர் கீழே இறங்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் கேட்டு மனுக் கொடுத்துப் பழகிய எனக்கு, தண்ணீர் விடாததையே பெருமையாகச் சொல்லும் விவசாயத்தைப் பார்க்கச் சற்றுப் பொறாமையாகவும் இருந்தது.

இந்தப் பாதையின் உண்மையான காட்சி சுவர்களில் எழுதியிருக்கும் பெயர்கள்தான். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தத் துண்டை அவர்கள் ‘கிளிமா’ என்கிறார்கள். இவ்வட்டாரச் சரிவில் அப்படி 1,247 துண்டுகள் பட்டியலிடப்பட்டு, 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டன. மிதிவண்டித் தடத்துக்கு மேற்புறம் இருக்கும் துண்டின் பழத்துக்கு ஒரு விலை, கீழ்ப்புறத் துண்டுக்கு வேறு விலை. நடுவில் இருப்பதோ ஒரு வண்டிப்பாதையின் அகலம் மட்டுமே. சரிவின் நடுப்பகுதியில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சேர்ந்த மண், நீர் தேங்காத வாட்டம், கிழக்கு பார்த்த காலை வெயில் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. நெடுஞ்சாலையை ஒட்டிய சமநிலத்தில் ஈரம் தேங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் படியும். மொன்ராஷே என்னும் புகழ்பெற்ற துண்டு மொத்தமே ஏறக்குறைய 8 ஹெக்டேர். அதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் புலின்யி, ஷசான்ய் ஆகிய இரண்டு ஊர்களும் 1879-இல் அந்த வயலின் பெயரைத் தம் ஊர்ப் பெயரோடு சேர்த்துக்கொண்டன. ஊரின் பெயரால் வயல் அறியப்படுவதே உலக வழக்கம். இங்கே வயலின் பெயரை ஊர் இரவல் வாங்கியிருக்கிறது.

அந்தச் சுவரோரம் நின்றபோது எங்கள் மாவட்டத்து மாங்காய் நினைவுக்கு வராமல் இருக்குமா? எந்தத் தோட்டத்துப் பெங்களூரா இனிக்கும், எந்த ஏரிக்கரை மண்ணில் மல்கோவா மணக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். லாரியில் ஏறிக் கூழ் ஆலையின் வாசலுக்குப் போனதும் எல்லாம் டன் கணக்கில் ஒரே மாங்காய்தான்.

தடத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது கொடிகளின் அடித்தண்டைப் பார்ப்பதில். மார்ச்சில் இலை இருப்பதில்லை. கவாத்து முடித்து, விட்டு வைத்த ஒற்றைக் குச்சியைக் கம்பியில் வளைத்துக் கட்டியிருந்தார்கள். ஆகவே மண்ணுக்குச் சற்று மேலே, ஒட்டுக் கட்டிய இடத்தின் புடைப்பு தெளிவாகத் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சையை ஏறக்குறைய அழித்தே விட்டது. மருந்துகள் போதாத நிலையில், அந்தப் பூச்சியோடு பழகித் தாக்குப்பிடிக்கக் கற்ற அமெரிக்கக் கொடியின் வேரின் மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவதே நிலையான தீர்வாயிற்று. அதாவது, இங்கே மண்ணின் பெருமை பேசும் பினோ நுவார், ஷார்தொனே கொடிகள் மண்ணைத் தொடுவது அந்நிய வேரால்தான். நாட்டு மாங்கொட்டையை முளைக்க வைத்து, அதில் செந்தூராக் குச்சியையோ அல்போன்சாக் குச்சியையோ கட்டும் எங்கள் தொழிலும் இதுவே. நாங்கள் இனம் மாறாமல் இருக்கவும் சீக்கிரம் காய்க்கவும் கட்டுகிறோம். அவர்கள் உயிர் பிழைக்கக் கட்டினார்கள். அவர்களின் கட்டு நேர்த்தியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன், அடியில் வேர்ச்செடியின் துளிரைக் கிள்ளாமல் விட்டிருந்த இரண்டு வரிசைகளைத் தவிர.

சில வரிசைகளின் ஓரத்தில், மெழுகு நிரப்பிய தகர டப்பாக்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஏப்ரலில் மொட்டு விரியும் நேரத்தில் உறைபனி இறங்கினால், இரவு முழுவதும் இவற்றைக் கொளுத்தி வைத்துத் தோட்டத்தைக் காப்பார்கள். 2021 ஏப்ரலில் நாடெங்கும் விழுந்த உறைபனி அந்த ஆண்டு விளைச்சலைக் கடுமையாகக் குறைத்தது. மாம்பூ பூத்திருக்கும்போது மூடுபனி இறங்கினால் தூக்கம் கெடும் எங்களுக்கு, இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனிக் குறைகள். நாங்கள் வண்டி எடுத்த வாடகைக் கடையில், மின்கலம் பொருத்திய மிதிவண்டிகளைப் பாதி மின்னேற்றத்துடன் கொடுத்துவிட்டார்கள் என்பது, சான்த்தனேக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது என்னுடைய வண்டி நின்றபோதுதான் தெரிந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, ‘மீதிப் பாதை இறக்கம்தான்’ என்றார் கடைக்காரர். இறக்கம் இல்லை. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டியை மருமகனும் நானும் மாற்றி மாற்றி மிதித்தோம். புறப்படுவதற்கு முன் மின்னளவைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கு அதே பாதையில் மிதிக்க வேண்டியதில்லை; சான்த்தனேயிலிருந்து கால்வாய்க் கரையோரம் சமதளமாக ஷான்யி வரை சென்றால், வட்டார ரயிலில் மிதிவண்டியோடு ஏறிப் போனுக்கு வந்துவிடலாம். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த ரயில்தான்.

சாப்பாடு இன்னொரு குறை. நண்பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அதன்பின் இரவு ஏழு வரை அடுப்பு எரியாது. சைவ உணவு கேட்டால் பாலாடைக்கட்டியும் இலைகளும் வரும். மகள் கட்டிக் கொடுத்த புளிசாதத்தை ஒரு கல்சுவரின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டதே இரண்டு நாட்களிலும் எனக்கு நிறைவாக அமைந்த உணவு. கழிப்பறைகள் குறைவு. தோட்ட நிறுவனங்களின் நிலவறைகளைப் பார்க்கப் பெரும்பாலும் முன்பதிவு வேண்டும். நம் நெடுஞ்சாலை மாம்பழக் கடைகளைப் போல நினைத்த இடத்தில் நிறுத்திப் பேச்சுக் கொடுக்க இயலாது. மார்ச்சில் ஊர்கள் ஆளரவமற்றுக் கிடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் காரில் போன மேட்டுப் பாதையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. நோலேயில் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய மரத்தாலான சந்தைக்கூடம் இன்றும் நிற்கிறது. பெரிய உத்தரங்களின் மேல் ஓட்டுக்குப் பதிலாகப் பலகைக் கற்களை அடுக்கிக் கூரை வேய்ந்திருக்கிறார்கள். போச்சம்பள்ளிச் சந்தைக்கு அப்படி ஒரு கூரை இருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். லா ரோஷ்போவின் கோட்டையை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தோம். வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரைக்கு அதுவே போதும். அங்கிருந்து ஓர்ஷ் என்னும் சிற்றூரின் வழியாகச் சேன்-ரொமேனுக்குப் போகும் ஒடுங்கிய சாலை, பாறைச் செங்குத்தின் அடியிலேயே ஓடுகிறது. இந்த முழுச் சுற்றிலும் ‘காட்சி’ என்று சொல்லத்தக்க பத்து நிமிடங்கள் அவை.

அருகிலேயே கமே என்னும் குக்கிராமம் இருக்கிறது. அதே பெயருடைய திராட்சை இனத்தை, விளைச்சல் மிகுதியாக இருந்தாலும் தரம் கெடுகிறது என்று சொல்லி, 1395-இல் பர்கண்டியின் கோமகன் துணிவுமிக்க ஃபிலிப் தடை செய்தார். அதிகம் காய்க்கிறது என்பதற்காக ஓர் இனத்தை விரட்டிய ஆணை.

போன் நகரில் எஞ்சிய மாலையை ஓட்டெல்-தியூ என்னும் பழைய மருத்துவமனைக்கு ஒதுக்குங்கள். கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலன் தம் மனைவியோடு சேர்ந்து 1443-இல் ஏழைகளுக்காக நிறுவிய இந்தக் கட்டடத்தில், 1971 வரை நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். இந்த அறக்கட்டளைக்குப் பலர் எழுதி வைத்த தோட்டங்களின் மதுவை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள். இப்போது நவம்பர் மாத மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையில் அது நடக்கிறது. எங்கள் பக்கத்தில் கோயில் நிலத்துப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடுவதைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல, தொகையைத் தவிர.

போக விரும்புவோர் பெங்களூரிலிருந்து பாரிஸ் சென்று, அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் திஜோனை அடைந்து, வட்டார ரயிலில் போனுக்கு வரலாம். சரிவு கிழக்கு நோக்கியது. ஆகவே தோட்டப் பகுதியைக் காலையிலும் மேட்டுப் பகுதியைப் பிற்பகலிலும் வைத்துக்கொண்டால் வெளிச்சம் துணை நிற்கும். பசுமை வேண்டுமானால் ஜூன், பொன்னிற இலை வேண்டுமானால் அக்டோபர். நிலத்தின் எலும்பைப் பார்க்க வேண்டுமானால் நாங்கள் போன மார்ச்தான் சரி. காரை ஓட்டுபவர் மதுவைச் சுவை பார்க்காமல் இருப்பதே நல்லது. அங்கே அனுமதி எல்லை ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் மட்டுமே, நம் நாட்டில் அதைவிடவும் குறைவு.

வொல்னே அருகே, கவாத்து செய்த குச்சிகளைத் தள்ளுவண்டியில் பொருத்திய இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தார் ஒருவர். காலடியில் கிடந்த பென்சில் பருமன் குச்சி ஒன்றை எடுத்தேன். ஒட்டுக்கு அளவான முதிர்ச்சி, மூன்று நல்ல கண்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் ஒரு குச்சியைக்கூட நம் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதும், இந்தத் தோட்டங்களை அழித்த பூச்சியே செடிகளோடு கப்பலேறி வந்ததுதான் என்பதும் எனக்குத் தெரியும். குச்சியை அவருடைய பீப்பாயில் போட்டேன். தலையசைத்து ஏதோ சொன்னார். நானும் தலையசைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.