முதல் மரக்கப்பல் கிட்: படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பலகையைப் பார்த்து வாங்குங்கள்

கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ இருந்துகொண்டு மரக்கப்பல் கிட், அதாவது மாதிரிக் கப்பலை நாமே கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டி, வாங்குகிறவர்கள் அதைத் திறந்து பார்த்து வாங்க முடியாது. இணையத்தில் தெரியும் படம்தான் கண்ணில் படும். அதில் மூன்று பாய்மரம், வரிசையாகப் பீரங்கி, சிலந்தி வலையாகக் கயிறு என்று இருக்கும். மனசு அங்கேதான் போகும். நான் சில வருடங்களுக்கு முன் முதலில் வாங்கியது அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் நிறுவனம் வெளியிடும் லோவெல் கிராண்ட் பேங்க்ஸ் டோரி. பாய்மரம் கிடையாது, பீரங்கி கிடையாது. துடுப்புப் போட்டு மீன் பிடிக்கிற திறந்த படகு. கட்டி முடித்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். இத்தனை வருடம் அதை வீட்டில் வைத்துப் பார்த்த பிறகும், முதல் கிட்டாக இதைத்தான் சொல்வேன்.

ஏன் பெரிய கப்பல் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலருக்கும் ஆசை இங்கிலாந்தின் எச்.எம்.எஸ். விக்டரி மேல். 1765-இல் நீரில் இறக்கிய அந்தக் கப்பலில் 104 பீரங்கிகள். 1:72 அளவில், அதாவது நிஜக் கப்பலில் 72-இல் ஒரு பங்காகக் கட்டினால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். கயிறு கட்டுகிற வேலையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் ஆட்கள் கைவிடுவது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னால், உடலுக்குப் பலகை ஒட்டுகிற இடத்தில்.

இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் கிட் தேர்ந்தெடுப்பது சுலபம். கப்பலின் நடுப்பகுதியில் சுற்றளவு அதிகம், முன்முனையில் குறைவு. நடுவில் பத்துப் பட்டை (நீளமான மெல்லிய மரத்துண்டு) பிடிக்கிற இடம் முனைக்கு வரும்போது பாதியாகிவிடும். அப்படியானால் ஒவ்வொரு பட்டையும் முனையை நோக்கிக் குறுக வேண்டும். எவ்வளவு குறுக வேண்டும் என்பதை ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் (உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) அளந்து, பிரித்து, சீவி எடுக்க வேண்டும். பட்டை மேலும் கீழும் வளையும், முறுக்கவும் செய்யும். அகலவாக்கில் மட்டும் வளையவே வளையாது. கட்டாயப்படுத்தினால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஏராளமான கிட்டுகளில் ஒரே அகலமுள்ள பட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, "இப்போது பலகை ஒட்டவும்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அதற்கு முன்னாலேயே பல்க்ஹெட் ஓரங்களைச் சாய்வாக உரசி, பட்டை படிந்து உட்காரும்படி செய்திருக்க வேண்டும். அதைச் சரியாகச் சொல்லாத கையேடுகளும் உண்டு.

டோரியில் பலகைகள் லேசரில் ஏற்கனவே அதன் வடிவத்துக்கு வெட்டியே வருகின்றன. அடிப்பாகம் தட்டை. ஓட்டுக் கூரையில் ஓடு ஏறி உட்காருவதுபோல ஒரு பலகையின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும். ஏறுகிற ஓரத்தைச் சாய்வாகச் சீவுவது, இரு பக்கமும் ஒரே உயரத்தில் வருகிறதா என்று பார்ப்பது, பசை காயும்வரை பிடித்து வைப்பது என்று அடிப்படை எல்லாம் கைக்கு வரும். அளந்து குறுக்குகிற கணக்கு மட்டும் பின்னால் கற்றுக்கொள்ளலாம். அந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன்.

இந்தப் படகின் கதையும் வேலையோடு சேர்ந்தே வருகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் கடல்பகுதியில் காட் மீன் பிடிக்கப் போன ஸ்கூனர் என்ற பாய்மரக் கப்பல்கள் டோரிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துப் போகும். அதற்காகவே உள்ளே உட்காரும் குறுக்குப் பலகைகளைக் கழற்றும்படி வைத்தார்கள். மாசசூசெட்ஸின் ஏம்ஸ்பரியில் 1793-இல் தொடங்கிய லோவெல் படகுப் பட்டறைதான் பெயருக்குக் காரணம். கிட்டில் அந்தக் குறுக்குப் பலகைகளை ஒட்டாமல் விடச் சொல்வது ஏன் என்று தெரிந்ததும் எனக்கு வேலையின் மேல் இன்னும் பிடிப்பு வந்தது. நம் பக்கம் ஒகேனக்கல் பரிசலில் மூங்கில் பின்னல்தான் உருவத்தைத் தாங்கும், மேலே போர்த்துவது தண்ணீர் புகாமலிருக்க மட்டும். டோரியில் பலகையே சுவர், பலகையே பலம்.

கிட்டில் வரும் மரம் பாஸ்வுட். எங்கள் தெருவில் தச்சு வேலை செய்கிற பெரியவரிடம் ஒரு துண்டைக் காட்டினேன். நகத்தால் அழுத்திப் பார்த்தார். "ரொம்ப மெது மரம் தம்பி. கத்தி நல்லா கூரா இருக்கணும், இல்லாட்டி நசுங்கிடும்" என்றார். முழு உண்மை. பிளேடை அடிக்கடி மாற்ற வேண்டும். உப்புத்தாளும் மென்மையான ரகம் போதும். சொரசொரப்பானது போட்டால் பஞ்சு கிளம்பும்.

பசைக்கு ஃபெவிகால் தாராளமாகப் போதும். நகர்த்திச் சரிசெய்ய நேரம் தருகிறது. சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் மட்டும் சீக்கிரம் தோல் கட்டிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுவேன். ஃபெவிக்விக் பட்ட இடத்தில் பிறகு சாயம் ஏறாது, திட்டுத் திட்டாகத் தெரியும். பிடித்து வைக்கத் துணி மாட்டும் கிளிப்புகளே நல்ல கருவி. வெந்நீரில் ஊறவைத்து வளைத்த பலகையை வெயிலில் காய வைக்க வேண்டாம். நிழலில், கிளிப்போடு, ராத்திரி முழுக்க விடுங்கள். பாலிஷுக்கு வெளிநாட்டு டப்பா தேவையே இல்லை. தச்சர்கள் பூசுகிற பிரெஞ்ச் பாலிஷ் அரக்கிலிருந்து வருகிற ஷெல்லாக்தான். உலகம் முழுக்க மாடல் கட்டுகிற பலரும் பயன்படுத்துவது அதுதான்.

இத்தனை வருடத்தில் ஒரு மூட்டும் விடவில்லை. கோடையில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஈரம் குடித்து, மறுபடி காய்ந்த பிறகும் பலகைகள் இறுக்கமாகவே இருக்கின்றன. வெளிப்புறம் மஞ்சளும் விளிம்புக்குப் பச்சையும் அடித்தேன், அது அப்படியே இருக்கிறது. பெயிண்ட் இல்லாத உட்புறம் மட்டும் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, அது நன்றாகவே இருக்கிறது. கயிறு வேலை இல்லாததால் தூசி துடைக்க ஒரு மெல்லிய பிரஷ் போதும். கயிறு நிறைந்த கப்பலைக் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் நம் ஊர்த் தூசியில் வைக்கவே கூடாது.

டோரியே வேண்டாம், கப்பல் மாதிரி தெரிய வேண்டும் என்றால் இரட்டைப் பலகை முறையில் வரும் சிறிய கிட் ஒன்றைப் பாருங்கள். முதல் அடுக்கில் இடைவெளி விழுந்தாலும் புட்டி வைத்து உரசிவிடலாம், மெல்லிய இரண்டாம் அடுக்கு மூடிக்கொள்ளும். ஸ்பெயினின் ஒக்ரே நிறுவனம் தன் கிட்டுகளுக்குப் படிப்படியாக வீடியோ போடுகிறது. வீட்டில் தனியாகக் கட்டுகிறவருக்கு அது பெரிய துணை. ஆனால் பட்டையைக் குறுக்குகிற வேலை அங்கேயும் உண்டு. டோரி வரிசையிலேயே அடுத்து நார்வேஜியன் செயிலிங் பிராம் என்ற சிறு பாய்ப்படகு, அதற்கடுத்து மஸ்காங்கஸ் பே லாப்ஸ்டர் ஸ்மாக் என்ற மீன்பிடிப் பாய்ப்படகு என்று படிப்படியாகக் கடினமாகும். எனக்கு இந்த ஏறுவரிசை பிடித்திருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் தயாரிப்பாளரின் பெயரைப் பாருங்கள். பெயரே இல்லாமல் பாதி விலைக்கு வருவதில் பல, வேறொருவர் வரைபடத்தைப் பிரதி எடுத்தவை. அப்புறம் கையேடு. மாடல் ஷிப்வேஸ் கையேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பலகை ஒட்டும் பக்கங்களை மட்டும் முழுசாகப் படியுங்கள். எந்தப் பலகை முதலில், எங்கே சீவ வேண்டும் என்பது படத்தோடு புரிந்தால் வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவோடு சுங்க வரியும் சேரும். கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்பார்கள், அதைத் தயாராக வைத்திருங்கள். பெட்டி வந்த அன்றே பாகங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். பின்னால் வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய கிட்டில் ஒரு ஷீட் உடைந்து வந்தது. உடனே படம் எடுத்து அனுப்பியதால் மாற்று ஷீட் வந்து சேர்ந்தது.