கம்பெனி காரா, கார் அலவன்ஸா? மைலேஜ் வரிச் சலுகையையும் சேர்த்து ஒரு கணக்கு

2019 ஜூனில் கம்பெனி காரின் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். பதிலுக்கு மாதம் 450 பவுண்டு கார் அலவன்ஸ். மருத்துவமனைகளில் இருக்கும் ஸ்கேன் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. வீடு இங்கிலாந்தின் லெஸ்டரில், நாட்டிங்ஹாம், டெர்பி, ஷெஃபீல்டு என்று வாரம் முழுக்க ஓட்டம். வேலைக்காகச் சொந்தக் காரில் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் கம்பெனி 12 பென்ஸ் கொடுத்தது. "வரித் துறை 45 பென்ஸ் வரை அனுமதிக்கிறதே, மீதிக்கு நான் சலுகை கேட்கலாமா?" என்று பேரோலில் கேட்டேன். "நீங்கள்தான் அலவன்ஸ் வாங்குகிறீர்களே, அதெல்லாம் கிடையாது" என்றார்கள். நம்பிவிட்டேன்.

அது தவறு என்று 2024 மே மாதம்தான் தெரிந்தது. பழைய ஆண்டுகளுக்குக் கேட்க, அந்த வரி ஆண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டு கெடு உண்டு. 2019-20க்கான கெடு அதற்கு முந்தைய ஏப்ரல் 5ஆம் தேதியோடு முடிந்துபோயிருந்தது. அந்த ஆண்டு நான் வேலைக்காக ஓட்டியது 11,000 மைல். ஒரு மாதத் தாமதத்தால் தவறவிட்ட தொகை ஏறக்குறைய 1,400 பவுண்டு.

கம்பெனி காருக்கும் அலவன்ஸுக்கும் இடையில் தேர்வு செய்யச் சொல்லும்போது ஹெச்ஆர் கொடுக்கும் தாளில் இந்தச் சலுகையைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. ஆனால் வேலைக்காக நிறைய ஓட்டுபவர்களுக்கு இதைச் சேர்க்காமல் போடும் கணக்கு பாதிக் கணக்குதான்.

சலுகை எப்படி வேலை செய்கிறது

சொந்தக் காரில் வேலைக்காக ஓடினால், ஒரு வரி ஆண்டில் முதல் 10,000 மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் வரை வரியில்லாமல் வாங்கலாம். 2011 ஏப்ரலில் வந்த விகிதம் இது. கம்பெனி அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், குறைகிற தொகையை உங்கள் வருமானத்திலிருந்து கழித்து வரி போடச் சொல்லலாம். குறைகிற தொகை முழுவதும் கைக்கு வராது, அதன் மீதான வரிதான் திரும்பி வரும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, 40 சதவீதக்காரருக்கு ஐந்தில் இரண்டு பங்கு.

இதில் கார் அலவன்ஸ் எங்கே வருகிறது? எங்கேயும் வராது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதாமாதம் வரும் அலவன்ஸ் சம்பளத்தின் ஒரு பகுதி. அதற்கு முழு வரி பிடித்தாகிவிட்டது. அதை மைலேஜ் பணமாகக் கருதிக் கழிக்கக் கூடாது. மைலுக்கு இவ்வளவு என்று தனியாகத் தந்ததை மட்டும்தான் கழிக்க வேண்டும். என் பேரோல் அலுவலர் குழம்பிய இடம் இதுதான். வேறு கம்பெனிகளில் இருக்கும் நண்பர்களுக்கும் இதே பதில் கிடைத்திருக்கிறது.

கம்பெனி காருக்கு இந்த 45 பென்ஸ் கிடையாது. சம்பளத்தைக் குறைத்து எடுக்கும் சேலரி சாக்ரிஃபைஸ் காரும் கம்பெனி கார்தான், அதற்கும் கிடையாது. ஆனால் உங்கள் பெயரில் வெளியே லீஸ் எடுத்த கார், சட்டப்படி உங்களுக்குச் சொந்தமில்லாவிட்டாலும், சொந்த வாகனமாகவே கணக்கில் வரும்.

ஒரே ஆள், மூன்று கார்கள்

2025-26 ஆண்டின் விகிதங்களில், இங்கிலாந்தில் 40 சதவீத வரி கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தில் வரி அடுக்குகள் வேறு. வேலைக்கு ஆண்டுக்கு 12,000 மைல், சொந்த ஓட்டம் 6,000 மைல். கம்பெனி தரும் தேர்வு: ஒரு கார், அல்லது ஆண்டுக்கு 5,400 பவுண்டு அலவன்ஸ்.

முதலில் கம்பெனி மின்கார். பட்டியல் விலை 40,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மின்காருக்கு 2025-26இல் அந்த விலையில் 3 சதவீதம் உங்கள் வருமானமாகக் கருதப்படும், அதாவது 1,200. அதற்கு 40 சதவீத வரி, ஆண்டுக்கு 480 பவுண்டு. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் கம்பெனி செலவு. வேலைக்கு ஓடியதற்கு மின்சாரக் காசும் வந்துவிடும். வீட்டில் சார்ஜ் செய்தால், சொந்த ஓட்டத்துக்கு ஒரு 450 பவுண்டு ஆகலாம். மொத்தம் ஆண்டுக்கு 930.

கம்பெனி பெட்ரோல் கார் என்றால் நிலைமை தலைகீழ். 30,000 பவுண்டு காருக்கு, புகை அளவைப் பொறுத்து, 30 சதவீதம் வருமானமாகக் கருதப்படுவது சாதாரணம், உச்சம் 37. 30 சதவீதம் என்றாலே 9,000 பவுண்டு, அதற்கு வரி 3,600. இதை எடுக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விகிதம் குறைவான சின்ன பெட்ரோல் கார் எடுத்துத் தப்பிக்கவும் முடியாது. 2017இல் வந்த விதிப்படி, காருக்குப் பதில் பணம் எடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், காரின் மதிப்பு, விட்டுக்கொடுத்த பணம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. கிலோமீட்டருக்கு 75 கிராம் அல்லது அதற்குக் குறைவாகக் கரியமில வாயு விடும் கார்களுக்கு மட்டும் விலக்கு. மின்கார் தப்பிப்பது அதனால்தான்.

மூன்றாவது, அலவன்ஸ் வாங்கி உங்கள் பெயரில் ஒரு புதிய பெட்ரோல் கார் லீஸ். 5,400இல் 40 சதவீத வரியும், சமூகப் பாதுகாப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 2 சதவீதமும் போனால் கையில் 3,132. மைலுக்கு 12 பென்ஸ் வீதம் கம்பெனி தருவது 1,440. இனி சலுகை: முதல் 10,000 மைலுக்கு 4,500, அடுத்த 2,000 மைலுக்கு 500, மொத்தம் 5,000. அதில் 1,440 கழித்தால் 3,560. அதற்கு 40 சதவீதம் 1,424 பவுண்டு. ஆக வரவு 5,996.

செலவு? லீஸ் மாதம் 350, வேலைப் பயன்பாட்டையும் சேர்த்த இன்ஷூரன்ஸ் 900, சர்வீஸும் டயரும் 500, 18,000 மைலுக்குப் பெட்ரோல் சுமார் 2,450. எல்லாம் சேர்ந்து 8,050. கைக்காசு போவது ஆண்டுக்கு ஏறக்குறைய 2,050 பவுண்டு. சலுகையைக் கேட்காமல் விட்டால் அதுவே 3,480 ஆகிவிடும், மாதம் 290 பவுண்டு. ஐந்து ஆண்டுகள் நான் இருந்தது அந்த நிலையில்தான்.

ஆக, புதிய கார்தான் வேண்டும் என்பவருக்குக் கம்பெனி மின்கார் தெளிவாக ஜெயிக்கிறது. சலுகை அலவன்ஸின் நஷ்டத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தோல்வியை வெற்றியாக மாற்றுவதில்லை. மின்காரின் விகிதம் 2026-27இல் 4, அடுத்து 5, 2028-29இல் 7, அதற்கு அடுத்த ஆண்டு 9 என்று ஏறுகிறது. 9 சதவீதத்தில்கூட அதே காருக்கு வரி 1,440தான்.

அலவன்ஸ் எப்போது ஜெயிக்கும்

கடன் அடைந்துபோன, இன்னும் நன்றாக ஓடுகிற கார் ஒன்று வாசலில் நிற்கும்போது. மேலே சொன்ன கணக்கில் லீஸைத் தூக்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் 800, பழைய கார் என்பதால் பராமரிப்புக்கு 1,000, பெட்ரோல் 2,450, மொத்தம் 4,250. வரவு அதே 5,996. வருடக் கடைசியில் 1,700 பவுண்டுக்கு மேல் மிஞ்சும். காரின் மதிப்பு தேய்வதை இதில் சேர்க்கவில்லை, பழைய காரில் அது சிறியது. இத்தனை வருடத்துக்கு மேற்பட்ட காரை வேலைக்கு ஓட்டக் கூடாது என்று சில கம்பெனிகள் விதி வைத்திருக்கும், அதை மட்டும் முன்பே பாருங்கள்.

எனக்குப் பிடித்த இன்னொரு வழி, அலவன்ஸை எடுத்துக்கொண்டு பழைய மின்கார் வாங்குவது. 45 பென்ஸ் விகிதம் எரிபொருளைப் பார்ப்பதில்லை. இரவுக் கட்டணத்தில் வீட்டில் சார்ஜ் செய்தால் மைலுக்கு இரண்டு மூன்று பென்ஸில் ஓட்டிவிடலாம். அப்போதும் சலுகை 45 பென்ஸிலிருந்துதான் கணக்காகும். 2028 ஏப்ரல் முதல் மின்காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரி வரும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறைய ஓட்டினால் அலவன்ஸ்தான் லாபம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 10,000 மைல் வரை அதில் உண்மை இருக்கிறது. அந்த மைல்களில் 33 பென்ஸ் வித்தியாசத்துக்கு 13 பென்ஸ் வரி மிச்சம். 10,000ஐத் தாண்டியதும் வித்தியாசம் 13 பென்ஸாகச் சுருங்கி, மைலுக்கு 5 பென்ஸ்தான் தேறும். டயர் தேய்வு, மதிப்பு இறக்கம், லீஸில் கூடுதல் மைலுக்குப் பிடிக்கும் பணம் எல்லாவற்றையும் அந்த 5 பென்ஸ் ஈடுகட்டாது. ஆண்டுக்கு 20,000 மைல் வேலைக்கு ஓட்டுபவர் கம்பெனி காரையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

வேலையில் சேரும் முன் பேரம் பேசும் நிலையில் இருப்பவர்கள் அலவன்ஸ் தொகையைவிட மைலேஜ் விகிதத்தைக் கவனியுங்கள். கம்பெனியே 45 பென்ஸ் தந்தால் அந்த 33 பென்ஸ் முழுதாக, வரியில்லாமல் வரும். வரித் துறையிடம் கேட்டு வாங்கினால் 13 பென்ஸ்தான்.

நேஷனல் இன்ஷூரன்ஸ்: தனிக் கதை

இதில் விதி வேறு. 10,000 மைலுக்குப் பிறகும் 45 பென்ஸ்தான், 25க்கு இறங்குவதில்லை. 2023இல் மேல் தீர்ப்பாயம், லேங் ஓ'ரூர்க், வில்மட் டிக்சன் ஆகிய கட்டுமான நிறுவனங்களின் வழக்குகளில், கார் பயன்பாட்டுக்கென்று தரப்படும் அலவன்ஸையே இந்தச் சலுகைக்குள் கொண்டுவரலாம் என்று தீர்ப்பளித்தது. நம் உதாரணத்தில் 12,000 மைலுக்கு 5,400 பவுண்டு. ஏற்கெனவே தந்த 1,440 போக 3,960 பவுண்டு அலவன்ஸுக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் பிடிக்க வேண்டியதில்லை. 2 சதவீதம் கட்டும் உங்களுக்கு மிச்சம் 79 பவுண்டுதான். ஆனால் 15 சதவீதம் கட்டும் கம்பெனிக்கு 594 பவுண்டு மிச்சம். இதை வழக்கமாக பேரோல் வழியாகத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் லாபம் இருப்பதால் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

மைல் கணக்கு

வீட்டிலிருந்து வழக்கமான அலுவலகத்துக்குப் போவது வேலைப் பயணம் ஆகாது. வாடிக்கையாளர் இடத்துக்கோ, 24 மாதத்துக்கு மேல் நீளாத தற்காலிகப் பணியிடத்துக்கோ போவது ஆகும். தேதி, காரணம், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மைல் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். 2024 அக்டோபரிலிருந்து, வேலைச் செலவுகளுக்கு வரிச் சலுகை கேட்கும் பி87 படிவத்தோடு இந்தப் பதிவையும், இரு முனைகளின் போஸ்ட்கோடுகளோடு அனுப்பச் சொல்கிறார்கள். வருமானத்திலிருந்து கழிக்கச் சொல்லும் தொகை ஆண்டுக்கு 2,500 பவுண்டைத் தாண்டினால் பி87 போதாது, நாமே வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யும் செல்ஃப் அசெஸ்மென்ட் வழியாகப் போக வேண்டும். நான் பழைய ஆண்டுகளின் பயணங்களை அலுவலக நாட்காட்டியிலிருந்தும் வேலை ரசீதுகளிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். மூன்று வார இறுதிகள் பிடித்தன.

வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலையில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கார்-அலவன்ஸ் தேர்வு வராது, ஆனால் சலுகை உண்டு. ஏஜென்சி 25 பென்ஸ் தந்தால், மீதி 20 பென்ஸுக்கு மைலுக்கு 4 பென்ஸ் வரி திரும்பும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஆண்டுக்கு 8,000 மைல் ஓட்டினால் 320 பவுண்டு. வரி கட்டுகிற எவரும் அதை விடக் கூடாது.

கணக்கில் வராதவை

லீஸ் உங்கள் பெயரில் இருந்தால், வேலை போனாலும் தவணை நிற்காது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். வேலை போனால், விசாவுக்குப் பொறுப்பேற்கும் புதிய கம்பெனியை, அதாவது ஸ்பான்சரைத் தேடப் பொதுவாக 60 நாள்தான். அந்த நேரத்தில் மூன்று வருட லீஸும் தலையில் இருப்பது கொடுமை. தவிர, விசாவுக்கான சம்பள வரம்பைக் கணக்கிடும்போது அலவன்ஸைச் சேர்க்க மாட்டார்கள், அடிப்படைச் சம்பளம்தான். சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டும் எந்தப் பேச்சுக்கும் அவர்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது.

குழந்தைகள் உள்ளவர்கள் இன்னொன்றும் பாருங்கள். வருமானம் 60,000ஐத் தாண்டினால், குழந்தைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையான சைல்டு பெனிஃபிட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போகும். அலவன்ஸ் வருமானத்தில் 5,400ஐச் சேர்க்கிறது, மைலேஜ் சலுகையைக் கேட்டு 3,560ஐக் கழித்தாலும் 1,840 மிஞ்சும். மின்கார் 1,200ஐத்தான் சேர்க்கிறது.

என் இப்போதைய லீஸ் அடுத்த கோடையில் முடிகிறது. கம்பெனி மறுபடியும் அதே தேர்வைக் கொடுத்திருக்கிறது. இந்த முறை மின்காரைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். லீஸ் முடியும் நாள் வரையிலான மைல்களுக்கு, கடைசிப் படிவம் மேசையில் பாதி நிரப்பியபடி இருக்கிறது.