பிரைன் டிரெயினிங்கா, தெரபியா? இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்த ஓர் அம்மாவின் அலசல்

கடலூரிலும் பாண்டியிலும் இப்போது மூளைப் பயிற்சி போர்டுகள் பெருகிவிட்டன. நினைவாற்றல் கூடும், கவனம் நிற்கும், பேச்சு வரும், படிப்பு வரும் என்று ஒரே நோட்டீஸில் எல்லாமும் இருக்கும். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்த நோட்டீஸை யாராவது ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார், நல்ல மனசோடுதான். எங்கள் வீட்டுக்கும் வந்தது. பையனுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. ஆட்டிசம் இருக்கிறது, கவனமும் நிற்பதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக்குகிற ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபி, மீதியை வீட்டில் நாங்களே செய்வது என்ற வழிக்குப் போனோம். லாஸ்பேட்டையில் இருக்கிற என் நாத்தனார் தன் மகளைப் பிரைன் டிரெயினிங் சென்டரில் சேர்த்தார். அவளுக்கு ஆட்டிசம் இல்லை, கற்றல் மந்தமும் கவனக் குறைவும்தான், அதனால் இரண்டு பிள்ளைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் இரண்டு வழிகளையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே வந்ததில் நான் தெரபி பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரைன் டிரெயினிங் என்ற பெயரில் பல சரக்கு விற்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கிற 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: மூக்கின் ஓரத்துச் சந்து வழியாகப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அந்தச் சந்தை அடைத்தால் படிப்பு நின்றுவிடுகிறது, நம் நாட்டுப் பகுத்தறிவாளர்கள் இதைப் பலமுறை மேடையிலேயே காட்டிவிட்டார்கள். பிள்ளையின் கை காலைப் பெரியவர்கள் பிடித்து அசைத்துத் தவழ வைத்தே மூளையைச் சீராக்கலாம் என்று அமெரிக்காவில் கிளம்பிய 'பேட்டர்னிங்' முறையையும் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 1968 முதலே மறுத்துவந்திருக்கிறது, 1982, 1999 என்று திரும்பத் திரும்ப. யோசித்துப் பார்க்க வேண்டியது மூன்றாவது வகையை: கம்ப்யூட்டரிலோ டேபிலோ நினைவு விளையாட்டு, கவன விளையாட்டு, லெவல் லெவலாக ஏறுவது. நாத்தனார் மகள் போனது அதற்குத்தான்.

கட்டணம், தூரம் எல்லாம் அவரவர் நிலைமை. சென்டர்களில் மொத்தப் பேக்கேஜாக முன்பணம் கேட்கிறார்கள், தெரபியில் அமர்வுக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு டேப் பிடிக்கும், ஓ.டி. அறையில் முதல் சில வாரம் அழுகை இருக்கும். இதையெல்லாம் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முடிவெடுக்க வேண்டியது ஒரே கேள்வியை வைத்துத்தான். அங்கே கற்றது வீட்டுக்கு வருகிறதா?

நாத்தனார் ஒருநாள் போனில், "அண்ணி, இவ பன்னெண்டாவது லெவல் தாண்டிட்டா" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது "தட்டும் கரண்டியும் எடுத்துட்டு வாடா கண்ணு" என்றேன். தட்டு மட்டும் வந்தது. இன்னொரு தடவை சொன்னால் கரண்டி மட்டும் வருகிறது. திரையில் ஆறு படங்களை வரிசை மாறாமல் தொடுகிற பிள்ளைக்குச் சமையலறையில் இரண்டு பொருள் நிற்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் எந்தக் குறையும் இல்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த விளையாட்டை, அவள் அதை நன்றாகவே கற்றுக்கொண்டாள். கேரம் நன்றாக ஆடுகிறவனுக்குக் கிரிக்கெட்டும் தானாக வந்துவிடும் என்று நாம் சொல்வதில்லையே.

இதை ஒரு வீட்டை வைத்து நான் சொல்லவில்லை. சுவீடனில் டோர்க்கெல் கிளிங்பெர்க் என்ற மூளை விஞ்ஞானியின் ஆய்விலிருந்து வந்த 'காக்மெட்' என்கிற பயிற்சி, ஐந்து வாரத்தில் 25 அமர்வு, உலகம் முழுக்கக் கவனக் குறைவுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. இந்த மாதிரி நினைவுப் பயிற்சிகளைப் பற்றிய 23 ஆய்வுகளை மெல்பி-லெர்வாக், ஹுல்ம் என்ற இருவர் 2013-ல் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சிக்கு நெருக்கமான சோதனைகளில் மதிப்பெண் கூடியது, அதுவும் பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்கு. வாசிப்பு, கணக்கு போன்றவற்றுக்கு அது போய்ச் சேரவில்லை. அதற்கு முன்பே, 2010-ல், பிரிட்டனில் பிபிசி-யோடு சேர்ந்து 11,430 பெரியவர்களை ஆறு வாரம் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தபோதும் இதே கதைதான், பயிற்சி செய்த விளையாட்டில் முன்னேற்றம், வேறெதிலும் இல்லை.

விளம்பரத்துக்குத் தண்டனையும் விழுந்திருக்கிறது. 'லுமோசிட்டி' என்கிற மூளை விளையாட்டு ஆப் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட, 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம், ஆட்டிசத்துக்கும் கவனக் குறைவுக்கும் பலன் தரும் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்த 'லேர்னிங்ஆர்எக்ஸ்' என்ற மூளைப் பயிற்சி நிறுவனம் 2 லட்சம் டாலர் கட்டியது. அந்த விளம்பரங்களில் இருந்த வாக்குறுதிகளைத்தான் நம் ஊர் நோட்டீஸிலும் பார்க்கிறேன்.

இப்போது தெரபி பக்கம். எங்கள் ஓ.டி. தெரபிஸ்ட் முதலில் கையில் கொடுத்தது பெரிய பட்டன் வைத்த ஒரு பழைய சட்டை. மேசையில் விரித்துப் போட்டு, பட்டனைப் பாதி ஓட்டைக்குள் நுழைத்துவிட்டு, "மீதியை நீங்க இழுக்காதீங்கம்மா, அந்தக் கடைசி இழுப்பை அவனுக்கு விடுங்க" என்றார். அவன் இழுத்தான், பட்டன் மாட்டியது, வேலையை முடித்தவன் அவன். அது கை வந்த பிறகு நுழைப்பதும் அவன், அப்புறம் ஓட்டையைத் தேடுவதும் அவன். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது. முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு தடவையும் பாதியில் தோற்றுப்போய் எழுந்துவிடுவான், இப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஜெயித்து முடிக்கிறான். சட்டை மேசையிலிருந்து உடம்புக்கு வந்தது, பெரிய பட்டன் யூனிஃபார்ம் பட்டன் ஆனது. இங்கே கற்ற இடமும் பயன்படுத்துகிற இடமும் ஒன்றுதான், எதுவும் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை.

பேச்சும் அப்படித்தான் வந்தது. தண்ணீர் டம்ளரைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். என் கையைப் பிடித்து இழுப்பான். உடனே எடுத்துக் கொடுக்கக் கூடாது, முகத்தைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்து எண்ணுவது ஓர் அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். "த" என்று ஒரு சத்தம் வந்தால் போதும், டம்ளர் அந்த நொடியே கையில். பிறகு "தண்ணி". எனக்கு முழு நம்பிக்கை வந்தது பண்ருட்டியில் என் அம்மா வீட்டில்தான்: வேறு அலமாரி, வேறு டம்ளர், என் அம்மாவிடம் போய் அவனே "தண்ணி" என்றான். அங்கே யாரும் அவனுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

பெற்றோர் வழியாகக் கொடுக்கிற பயிற்சிக்கு நம் பக்கத்து ஆதாரமும் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, சேர்ந்து பார்த்து, எங்கே பிள்ளை கூப்பிட்டது, எங்கே நாம் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் பதில் கொடுக்கிற விதம் நன்றாக மாறியது, பிள்ளைகள் தாங்களாகத் தொடர்புகொள்வதும் கூடியது. இருவரும் ஒன்றில் சேர்ந்து கவனம் வைக்கிற நேரம் மட்டும் குறைந்துவிட்டது, அதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

தெரபியில் குறை இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்றே காட்டாத இடத்தில் கொஞ்ச நாள் போனோம், முக்கால் மணி நேரம் கழித்து "நல்லா பண்றான்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத தெரபி எனக்குப் பிரைன் டிரெயினிங்குக்குச் சமம், அதே கேள்வியில் அதுவும் தோற்கிறது. நல்ல தெரபிஸ்டிடம் காத்திருப்பு நீளும். வீட்டு வேலை முழுக்க அம்மா தலையில் விழுகிறது என்பதும் உண்மை, அப்பாவும் பாட்டியும் சேர்ந்தால்தான் ஓடும்.

பெரிய பிள்ளைகளுக்கு, ஆட்டிசம் இல்லாமல் கவனக் குறைவு மட்டும் உள்ளவர்களுக்கு எது சரி என்பதில் என் அனுபவம் கம்மி. 2020 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 8 முதல் 12 வயது வரை கவனக் குறைவுள்ள பிள்ளைகளுக்கு 'எண்டெவர்ஆர்எக்ஸ்' என்ற வீடியோ கேமுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அங்கேயும் முன்னேற்றம் அளக்கப்பட்டது கம்ப்யூட்டர் கவனச் சோதனையில், மற்ற சிகிச்சையோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார் மகளும் முன்னைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓரிடத்தில் உட்காருகிறாள், அதை நானே பார்த்தேன். பயிற்சியாலா, வயது கூடியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தெரபி நேரத்தையும் தெரபிக் காசையும் தின்னாத வரை, பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டாக அது இருந்துவிட்டுப் போகட்டும்.

சென்டரில் சேர்ப்பதாகவே இருந்தாலும் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: மூன்று மாதத்தில் என் பிள்ளை வீட்டில் எந்த வேலையைத் தானாகச் செய்வான்? "ஃபோகஸ் கூடும்" என்று பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள். "சாப்பிடும்போது பதினைந்து நிமிடம் உட்காருவான்" என்ற மாதிரி பதில் வந்தால், அதை எழுதி வாங்கிக்கொண்டு மேலே பேசலாம்.

பேச்சு வரவில்லை என்றால் முதலில் காது டெஸ்ட், சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற பெரா சோதனை வரைக்கும் எடுத்துவிடுங்கள், எந்தப் பயிற்சியும் அதற்குப் பிறகுதான். அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதனை இலவசம், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற டாக்டர் குழுவிடமே சொல்லி மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குச் சீட்டு வாங்கலாம். பாண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோரிமேடு ஜிப்மர் இருக்கிறது. ஈ.சி.ஆரில் சென்னை போகிற வழியில் முட்டுக்காட்டில் நிப்மெட் என்கிற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சிப் பிரிவோடு. பள்ளி போகிற பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று மாற்றுத்திறன் சான்றிதழ் கிடைத்துவிட்டால் 'நிராமயா' காப்பீட்டில் சேருங்கள். 1 லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டில் தெரபிச் செலவுக்கும் ஓர் ஒதுக்கீடு உண்டு, அதனால் ஒவ்வொரு அமர்வுக்கும் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.