டேக் நம்பர், குறியீட்டுச் செயலி, வங்கிச் செயலி: எதற்கு எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் போன் லைன் சரியாகக் கிடைக்காது. பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் டேக் நம்பர் (TAC) பல நேரம் காலாவதியான பிறகுதான் வந்து சேரும். ரோட்டோரம் போய் நின்றால் உடனே வரும். அதனாலேயே எஸ்எம்எஸ் எண், எண்ணைப் போனே உருவாக்கும் குறியீட்டுச் செயலி, வங்கிச் செயலி என மூன்று வழிகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணின் பெரிய பலம், பழைய பட்டன் போனிலும் அது வேலை செய்யும் என்பதுதான். கடவுச்சொல் திருடு போனாலும் அந்த எண் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அது நம் போன் நம்பரை நம்பியே நிற்கிறது. வேறொருவர் நம் பெயரில் புது சிம் வாங்கிவிட்டால் எண் அவருக்குத்தான் போகும். ப்ரீபெய்டு நம்பருக்கு ரீலோட் போடாமல் விட்டு, அது பின்னால் வேறொருவர் கைக்குப் போனாலும் இதே கதிதான். வீடு சுத்தம் செய்யும் சேவை என்று சொல்லி மோசடிக்காரர்கள் அனுப்பும் போலிச் செயலிகள், போனில் உட்கார்ந்து எஸ்எம்எஸ்ஸைப் படித்துவிடும். இந்த மாதிரி மோசடிகள் பெருகியதால்தான் 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வங்கிகள் எஸ்எம்எஸ் எண்ணை விட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது.

கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற குறியீட்டுச் செயலிக்கு லைனே வேண்டாம். கணக்கைச் சேர்க்கும்போது ஒரு ரகசியச் சாவி போனில் பதிவாகிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, 30 விநாடிக்கு ஒரு புது 6 இலக்க எண்ணைப் போனே கணக்கிட்டுக் காட்டுகிறது. எங்களைப் போல லைன் இல்லாத இடத்துக்கு இதுதான் சரி. போனில் நேரம் தப்பாக இருந்தால் மட்டும் எண் பொருந்தாது. போன் தொலைந்தால் அவதிதான், அது இல்லாமலே கணக்கில் நுழைய உதவும் பேக்கப் எண்களை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

பணத்துக்கு வங்கிச் செயலியின் ஒப்புதலே மேல் என்பேன். எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்பதைத் திரையில் காட்டிவிட்டுத்தான் அது அனுமதி கேட்கும். வெறும் எண்ணில் அந்த விவரம் இருக்காது. இதற்கு இணையம் வேண்டும், அதற்காக ரோட்டோரம் நடக்க நான் தயார்.

எஸ்எம்எஸ்ஸோ செயலியோ, எண்ணை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரிந்தவர் நம்பரிலிருந்து, “அக்கா, தவறிப்போய் உங்களுக்கு ஒரு 6 இலக்க எண் அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க” என்று செய்தி வந்தது. அக்காவும் அந்த எண்ணை அனுப்பினார். அது அவருடைய வாட்ஸ்அப்பைத் திறக்கும் எண். சற்று நேரத்தில் அவர் பெயரில் உறவினர்கள் எல்லாருக்கும் கடன் கேட்டுச் செய்தி போனது. மோசடியில் பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும் என்பதும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

கணக்கு திரும்பக் கிடைத்ததும் முதல் வேலையாக வாட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்புக்கு ஒரு பின் நம்பர் போட்டோம். அப்புறம் அவருடைய ஜிமெயிலுக்குக் குறியீட்டுச் செயலி. பேக்கப் எண்களைத் தாளில் எழுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் ஃபைலில் வைத்திருக்கிறார்.