பாயின்ட் 22 பேரலுக்கு எந்த ராடு? ஏழு வருடம் துடைத்த கை சொல்வது

காட்பாடியில் என்னோடு துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவன் லைசென்ஸ் கிடைத்து, சொந்தமாகப் பாயின்ட் 22 ரைபிள் வாங்கிவிட்டான். மறுநாளே போன். "அண்ணா, குழல் துடைக்க மூணு துண்டா வர்ற அலுமினிய ராடு செட் மலிவா இருக்கு, வாங்கிடட்டுமா?" வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். காரணத்தைப் போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நானும் முதலில் வாங்கியது அந்தச் செட்டைத்தான். பூட்டிய இடம் ஒவ்வொன்றிலும் மெல்லிய படி ஒன்று நிற்கும், அது குழலுக்குள் உரசும். அலுமினியம் மெத்தென்ற உலோகம், மணல் தூசி அதில் குத்தி உட்கார்ந்துகொள்ளும். துடைப்பதாக நினைத்துக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதையாகிவிடும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது மரை கழல்வதுதான்.

பாயின்ட் 22 குழலின் உள்வரிகள், அதாவது குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகள், பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதுவும் வலப்பக்கமாகச் சுற்றும். பின்னாலிருந்து ராடைத் தள்ளும்போது துணி வரியைப் பிடித்துக்கொண்டு, ராடின் நுனியில் துணியைத் தாங்கும் ஜாகைச் சுழற்றும். கைப்பிடி சுழலாத ராடு என்றால் அந்தச் சுழற்சி முழுவதும் மரையில் இறங்கும், அதுவும் கழற்றும் திசையில். 24 அங்குலக் குழலில் ஒரு தள்ளுக்கு ஒன்றரைச் சுற்று. ஒருநாள் ராடை இழுத்தேன், வெறும் கம்பி மட்டும் வந்தது. ஜாக்கும் துணியும் குழலின் நடுவில் நின்றுவிட்டன. சில சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டுத் தள்ளித்தான் எடுத்தேன். கை நடுங்கியது. குழல் வாயின் விளிம்பு, கிரவுன் என்கிறோமே, அதில் ஒரு பக்கம் தேய்ந்தாலும் குண்டு வெளியேறும் நொடியில் புகை சமமாகப் பிரியாது, குறி சிதறும். வாய்ப்பக்கமிருந்து ராடு விடாதே என்று எல்லாரும் சொல்வது அதனால்தான். மலிவு விலைச் செட் என்னை அதையே செய்யவைத்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அப்புறம் வாங்கியது ஒரே நீளமாக, மேல்பூச்சுப் போட்ட எஃகு ராடு. கைப்பிடிக்குள் பேரிங் இருக்கிறது. ஏழு வருடத்தில் இதைப் பற்றிக் குறை சொல்ல நான் நிறையத் தேடியிருக்கிறேன். வளையவில்லை, பூச்சு உரியவில்லை. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா போடும் அறை காலியா என்று பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து விட்டால், ராடு தானாகத் திரும்பிக்கொண்டே போகும். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இதில்தான் கிடைத்தது: குழலின் உள்பக்கம் முழுவதும் கைக்குத் தெரியும். எங்கே வழவழப்பு, எங்கே ஈயம் ஒட்டிச் சொரசொரவென்று பிடிக்கிறது என்று விரல் சொல்லிவிடும். என் ரைபிளில் அறையைத் தாண்டியதும் ஓர் இடம் பிடிக்கும். அது மறைந்தால் துடைத்தது போதும் என்று நிறுத்திவிடுவேன்.

இவ்வளவு நல்ல ராடில் ஒரு வினை. அதன் மரை அமெரிக்க 8-32 அளவு, அதாவது அங்குலத்துக்கு 32 சுற்று. நம் ஊரில் கிடைப்பது எல்லாம் மில்லிமீட்டர் மரை. எம்4, அதாவது 4 மில்லிமீட்டர் மரை ஜாக் இதில் நுழையும், அதுதான் மோசம். லொடலொடவென்று இரண்டு சுற்றுப் போய் இறுகும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நம்பித் தள்ளினால் மரையின் பல்தான் போகும். அப்படி ஒரு பித்தளை ஜாகைக் கெடுத்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரியிடம் அந்த அளவு மரை வெட்டும் டை இல்லை. லேத்தில் பல்சக்கரத்தை மாற்றிப் போட்டு, 32 கணக்கில் மரை வெட்டி, தலையை 5.2 மில்லிக்குக் கடைந்து கொடுத்தார். 300 ரூபாய். இன்றும் அந்த ஜாக்தான். அவர் கைக்கு என்ன சொல்லியும் தகும். ஆனால் ஒரு ஜாகுக்காக இவ்வளவு அலைய வேண்டுமா? பிரஷ் தேய்ந்தால் மறுபடியும் அதே அலைச்சல். ஒவ்வொரு முறையும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

துணிக்கு அலைய வேண்டியதில்லை. பலமுறை துவைத்த பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி போதும். கஞ்சி போட்ட புதுத்துணி எண்ணெய் குடிக்காது, பாலியெஸ்டரும் வேண்டாம். குடியாத்தம் லுங்கித் துண்டு மெத்தென்று இருக்கும், ஆனால் சாயத்தில் அழுக்கு தெரியாது. செப்புக் கறை போக்கும் மருந்து என்று கடையில் நீட்டினால் வாங்காதே. நாம் சுடுவது மெழுகு பூசிய வெறும் ஈயக் குண்டு, செப்பு எங்கிருந்து வரும்? தேங்காய் எண்ணெயும் கூடாது. மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது குழலிலும் உறையும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். சுடுவதற்கு முன் காய்ந்த துணி ஒன்றை விட்டு அதையும் எடுத்துவிட வேண்டும்.

அந்த ஒரு சொட்டை நான் நம்புவதற்குக் காரணம் 2019 தேர்தல். வேலூருக்கு மட்டும் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-க்குப் போனதே, அந்த வருடம் மார்ச்சில் தேர்தலுக்காக ஒப்படைத்த ரைபிள் ஆகஸ்ட் கடந்துதான் கைக்கு வந்தது. கொடுப்பதற்கு முந்தைய இரவு ராடு எடுக்கச் சோம்பலாக இருந்ததால், நைலான் கயிற்றில் எண்ணெய்த் துணியைக் கட்டிப் பின்னாலிருந்து முன்னால் ஒரே இழுப்பு இழுத்திருந்தேன். அஞ்சிக்கொண்டே வெளிச்சத்தில் பார்த்தேன். துருவின் புள்ளிகூட இல்லை.

அதனால் தம்பிக்கு என் பதில்: கயிறு வாங்கு. நேராக இழு, கோணலாக இழுத்தால் கயிறே விளிம்பை அறுக்கும். பிரி விட்ட கயிற்றை உடனே மாற்று, உள்ளே அறுந்தால் என் கதைதான் உனக்கும். இத்தனை புகழ்ந்த நீள ராடை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த மரை அப்படிப் படுத்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்னுடையதைக் கொண்டுவருகிறேன். உன் குழலில் ஒரு தடவை விட்டுப் பார். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், ராணிப்பேட்டைக்கு நானே கூட்டிப்போகிறேன்.