ஊருக்கு வந்த இடத்தில் லைப்போசக்‌ஷன் வேண்டாம்

சிங்கப்பூருக்குப் போனால் பல், கண்ணாடி, முழு உடல் பரிசோதனை எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவது லண்டனில் இருக்கும் எங்கள் வழக்கம். இம்முறை அக்காவுக்கு லைப்போசக்‌ஷன், அதாவது குழாயால் கொழுப்பை உறிஞ்சும் அறுவை மூலம், வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிட ஆசை. துணைக்கு நானும் ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போனேன்.

முதல் கிளினிக்கில் டாக்டரைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஆலோசகர் என்று வந்தவர் வயிறு, இடுப்பு, தொடை சேர்த்து பேக்கேஜ் விலை சொன்னார். அன்றே முன்பணம் கட்டினால் கழிவாம். எனக்குக் கோபம்தான் வந்தது. யோசிப்பதற்காகவே ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் இடையே 7 நாள் அவகாசம் வைத்திருக்கும் ஊர் இது. 2009 இறுதியில் இதே சிங்கப்பூரில் கொழுப்பு உறிஞ்சப் போன ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. மயக்கத்தில் மூச்சுப்பாதை அடைபட்டு இறந்தார் என்று மரண விசாரணையில் தெரிந்தது. குடலிலும் துளைகள் இருந்தன.

அடுத்து பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் எடுத்ததுமே, "ஊருக்குத் திரும்ப விமானம் எப்போம்மா?" என்று கேட்டார். கருத்தடை மாத்திரை உண்டா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு உண்டா என்றும் கேட்டார். அப்புறம் நிதானமாக விளக்கினார். அறுவைக்குப் பிறகு காலில் ரத்தக்கட்டி உண்டாகலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. லண்டன்வரை 13 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து போவது அந்த வாய்ப்பைக் கூட்டும். கொழுப்பை இளக்க உள்ளே செலுத்தும் திரவத்தில் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து இருக்கிறது. அளவு மிஞ்சினால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். ரத்தத்தில் அது உச்சத்துக்கு ஏறுவதோ பல மணி நேரம் கழித்து, ஆள் வீட்டில் படுத்திருக்கும்போது. உறிஞ்சும் குழாய் குடலைக் குத்தியிருந்தாலும் உடனே தெரியாமல் போகலாம். தசையழுகும் தொற்று அபூர்வம், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் பரவும். தோல் சிவந்து, காய்ச்சலோடு தாங்க முடியாத வலி இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்றார்.

"இந்த லீவில் நான் செய்ய மாட்டேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிய அந்த டாக்டர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

செய்துதான் ஆக வேண்டும் என்பவர்கள் நீண்ட விடுப்பில் வாருங்கள். மயக்க மருந்தை யார் கொடுப்பார், நடுராத்திரியில் யார் போனை எடுப்பார் என்று முதலிலேயே கேளுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் கிளினிக்கைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காமல் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள்.