சி.டி.ஆர்.ஐ. பதிவேடு: கையெழுத்துக்கு முன் ஒரு பார்வை

மருந்து ஆய்வில் சேரச் சொன்னால், முதலில் சி.டி.ஆர்.ஐ. தளத்தில் (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் இணையப் பதிவேடு) தேடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2007 முதல் நடத்தும் பதிவேடு இது, கட்டணமில்லை. ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கித் தேடினால் விவரம் வரும்.

பதிவான தேதியையும் முதல் நோயாளி சேர்ந்த தேதியையும் ஒப்பிடுங்கள். ஆள் சேர்க்குமுன் பதிவது 2018 ஏப்ரல் முதல் கட்டாயம். முடிவு தெரிந்தபின் பதிந்தால், சாதகமாக வந்த அளவீட்டையே முதன்மை இலக்காக, அதாவது மருந்து பலித்ததா என்று தீர்மானிக்கும் முக்கிய அளவீடாக, காட்டிவிடலாம். நெறிமுறைக் குழு (பங்கேற்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் குழு) ஒப்புதல், எத்தனை பேர் சேர்க்கப்படுகிறார்கள், புது மருந்தோடு ஒப்பிடும் குழுவுக்கு என்ன மருந்து என்பதையும் பாருங்கள்.

குறைகள்: எல்லாம் ஆங்கிலம். யாருக்காக ஆய்வோ அவர்களுக்கே புரியாது! முடிந்த ஆய்வுகள் பலவற்றின் முடிவுகள் அதில் இல்லை. பதிவு எண் இருப்பதாலேயே ஆய்வு பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது. ஐந்துக்கு மூன்று தரலாம்.